விசாவைப் படித்த பிறகு விமானம் ஏறுங்கள்!

ஆதம்பாக்கத்தில் விமானச் சத்தம் கேட்காத நாள் இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆலந்தூரில் மெட்ரோ ரயில் ஏறினால் சில நிமிடங்களில் அங்கே இறங்கிவிடலாம்.

ஒரு காலத்தில் விமானம் பறந்தால் குழந்தைகள் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். இப்போது அந்த விமானத்திலேயே வீட்டுக்காரர்கள் போகிறார்கள்.

ஒரு வீட்டில் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம். தாயும் தகப்பனாரும் புறப்படுகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான். எதிர் வீட்டு வாலிபர் துபாய்க்கு வேலைக்குப் போகிறார்.

மூன்று வீட்டிலும் ஒரே பரபரப்பு. ஊறுகாய், பருப்புப் பொடி, பிரசவ லேகியம் என்று பெட்டி நிறைகிறது. பெட்டியை நான்கு தடவை எடை போடுகிறார்கள். அரைக் கிலோ கூடினால் ஒரு பொட்டலத்தை எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

பெட்டியை நான்கு தடவை எடை போடுகிறவர்கள், விசாவை ஒரு தடவைகூடப் படிப்பதில்லை. வெளிநாட்டில் தமிழர்கள் படுகிற துன்பங்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு

பாஸ்போர்ட் இந்திய அரசாங்கம் கொடுப்பது. "இவர் இந்தியர். இவர் பெயர் இது" என்று அது சொல்லும். சென்னையில் தாம்பரம், சாலிகிராமம், அமைந்தகரை ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் இருக்கின்றன.

விசா, போகிற நாட்டின் அரசாங்கம் கொடுப்பது. "எங்கள் நாட்டுக்கு வரலாம்" என்று சொல்லும் அனுமதி அது. சில நாடுகள் அதைப் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருகின்றன. சில நாடுகள் கம்ப்யூட்டரில் அனுப்புகின்றன. எப்படி வந்தாலும் அதில் எழுத்து இருக்கும். அந்த எழுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

எதற்காகப் போகிறார்?

எத்தனை நாள் இருக்கலாம்?

எத்தனை தடவை போய் வரலாம்?

இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தெரியாமல் போனால், வாங்கிய விசாவே வினையாக முடியலாம்.

நான்கு படிகள்

வெளிநாட்டு அனுமதிகளில் பல வகை உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் நான்கு படிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் படி, வருகை விசா. சொந்தக்காரரைப் பார்க்கவும், ஊர் சுற்றவும் கொடுப்பது. இதில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது.

இரண்டாம் படி, படிப்பு விசாவும் வேலை விசாவும். படிப்பு விசா எந்தக் கல்லூரிக்காகக் கொடுக்கப்பட்டதோ, அந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும். வேலை விசா எந்த முதலாளியின் பெயரில் வந்ததோ, அவரிடம் வேலை செய்ய வேண்டும். கல்லூரி மாறினாலும் முதலாளி மாறினாலும், அந்த நாட்டின் சட்டப்படி மாற வேண்டும்.

மூன்றாம் படி, நிரந்தரக் குடியிருப்பு. அமெரிக்காவில் இதைக் கிரீன் கார்டு என்கிறார்கள். சிங்கப்பூரிலும் கனடாவிலும் பி.ஆர். என்கிறார்கள். நீண்ட காலம் அங்கே வாழலாம். வேலை பார்க்கலாம். ஆனால் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதாக அர்த்தம் இல்லை.

நான்காம் படி, குடியுரிமை. இதில் ஏறினால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் இந்தியச் சட்டம் இரண்டு குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்காக 2005-ம் ஆண்டில் ஓ.சி.ஐ. அட்டை என்ற ஏற்பாடு வந்தது. அதை வைத்து இந்தியாவுக்கு வாழ்நாள் முழுவதும் வந்து போகலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

ஒரு படியில் நிற்பவர் அடுத்த படியில் நிற்பதாக நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. வருகை விசாவில் போனவர் வேலை விசாவில் போனவரைப் போல் நடந்துகொண்டால், அந்த நாட்டுச் சட்டம் அவரைக் குற்றவாளியாகப் பார்க்கும்.

பத்து வருஷமா, ஆறு மாதமா?

மகளைப் பார்க்கப் போகும் பெற்றோரை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவுக்குப் போக அண்ணா மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பேட்டி நடக்கும். வருகை விசா கிடைத்தால் பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் கிடைக்கும். "பத்து வருஷம் கிடைத்துவிட்டது" என்று வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள்.

அந்தப் பத்து வருஷம் என்பது, அமெரிக்காவின் வாசலில் போய் நிற்பதற்கான கெடு. உள்ளே தங்குவதற்கான கெடு வேறு. அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கியதும் ஓர் அதிகாரி கேள்வி கேட்பார். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். வழக்கமாக ஆறு மாதம் கொடுக்கிறார்கள். அந்தத் தேதியைத்தான் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

கெடு தாண்டினால் என்ன ஆகும்?

180 நாளுக்கு மேல் சட்ட விரோதமாகத் தங்கிவிட்டுத் திரும்பினால், 3 வருஷம் மறுபடியும் உள்ளே போக முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டால் 10 வருஷத் தடை. பேரக் குழந்தை நடப்பதைப் பார்க்க ஆசைப்பட்டுத் தங்கியவர்கள், அது பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க முடியாமல் போகலாம்.

அங்கே மருத்துவச் செலவு மலை போன்றது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆதம்பாக்கத்தில் சேர்த்த சேமிப்பு கரைந்துவிடும். ஆகையால் வயதானவர்கள் காப்பீடு எடுக்காமல் புறப்படக் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போக வேண்டும்.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அதற்கு மேல் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் விசா விதியை மீறியதாகும். "கடைக்காரர் கேட்டார், செய்தேன்" என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"முதலில் போய் இறங்கு!"

பெற்றோருக்கு வரும் நஷ்டம் பெரும்பாலும் மனத்துயரம். வேலைக்குப் போகும் ஏழைக்கு வரும் நஷ்டம் குடும்பத்தையே கவிழ்த்துவிடும்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரு வாலிபர் எலெக்ட்ரீஷியன் வேலை கற்றவர். பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. ஓர் ஏஜெண்டு வருகிறார். "துபாயில் வேலை. கை நிறையச் சம்பளம். முதலில் விசிட் விசாவில் போய் இறங்கு. அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்.

தாயாரின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. ரொக்கம் கை மாறுகிறது. ரசீது கிடையாது.

வாலிபர் போய் இறங்குகிறார். துபாய் அடங்கிய ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் வருகை விசா பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாளுக்குத்தான் கிடைக்கும். ஒரு வாரம் ஓர் அறையில் பத்துப் பேரோடு காத்திருக்கிறார். பிறகு ஓர் இடத்தில் வேலை செய்யச் சொல்கிறார்கள். சம்பளம் பேசியதில் பாதி. "விசா வந்ததும் முழுச் சம்பளம்" என்கிறார்கள். கெடு முடிகிறது. விசா மாறவில்லை. நாளுக்கு நாள் அபராதம் ஏறுகிறது.

புகார் கொடுக்கலாமா? வேலை செய்ய அனுமதி இல்லாமல் வேலை செய்தவர் அவர். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி அவரை நோக்கித்தான் வரும். இந்தப் பயத்தை முதலாளியும் அறிவார். ஏஜெண்டும் அறிவார். ஏழையின் வாயை மூட அவர்களுக்குப் பூட்டு வேண்டாம். தவறான விசாவே போதும்.

"ஃப்ரீ விசா" என்று வேறொரு வலையும் உண்டு. "ஆசாத் விசா" என்றும் சொல்வார்கள். ஒருவர் பெயரில் விசா வாங்கி, வேறு எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பார்கள். அப்படி ஒரு விசா சட்டத்தில் இல்லை. யார் பெயரில் விசா வந்ததோ அவரிடம் வேலை செய்யாமல் வேறு இடத்தில் வேலை செய்து பிடிபட்டால், தண்டனை தொழிலாளிக்குத்தான்.

வேலை விசாவை எடுத்துத் தருவது முதலாளியின் கடமை. எமிரேட்டுகளின் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று சொல்கிறது. இது தெரியாமல்தான் இங்கே நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன.

ஈ.சி.ஆர். என்றால் என்ன?

சென்னையில் ஈ.சி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் உள்ள ஈ.சி.ஆர். வேறு.

பத்தாம் வகுப்புத் தேறாத பெரும்பாலோரின் பாஸ்போர்ட்டில் இந்தக் குறிப்பு இருக்கும். "இவர் வேலைக்குப் போவதற்கு முன் அரசாங்கத்தின் அனுமதி தேவை" என்று அதற்கு அர்த்தம். சவுதி அரேபியா, எமிரேட்டுகள், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இந்த அனுமதி வேண்டும். 1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இதற்கு வழி செய்தது. அனுமதி கொடுக்கும் அதிகாரிக்குக் குடியேற்றப் பாதுகாவலர் என்று பெயர். சென்னையிலும் அவருடைய அலுவலகம் இருக்கிறது.

பலர் இந்தக் குறிப்பை அவமானமாக நினைக்கிறார்கள். "படிக்காதவன் என்று முத்திரை குத்திவிட்டார்கள்" என்று வருந்துகிறார்கள். ஏஜெண்டுகளும் அதையே சொல்லித் தூண்டுகிறார்கள். "இந்த முத்திரை இருந்தால் தொல்லை. விசிட் விசாவில் போனால் அனுமதியே வேண்டாம்" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவை இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் வேலைக்குப் போகிறவர்களையும் அனுப்புகிறார்கள்.

சொல்லாமல் விடும் மறு பாதி என்ன?

அனுமதி வாங்கிப் போகிறவருக்கு வேலை ஒப்பந்தம் இருக்கும். அதில் முதலாளி பெயர், சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அது அரசாங்கத்தின் பார்வைக்குப் போகும். ஏஜெண்டு லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

விசிட் விசாவில் வேலைக்குப் போனவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார், யாரிடம் இருக்கிறார் என்று இந்திய அரசாங்கத்தின் ஏட்டில் ஒரு வரிகூட இருக்காது.

ஆகவே அந்த முத்திரை அவமானம் அல்ல. அது வேலி. வேலியைத் தாண்டிப் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் காவல் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது.

மியான்மரில் நடந்தது

இது வெறும் பூச்சாண்டி அல்ல.

2022-ம் ஆண்டில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிப் பல வாலிபர்களை அழைத்துப் போனார்கள். அவர்கள் படித்தவர்கள். பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். தாய்லாந்தில் இறங்கியதும் வருகை விசா கிடைத்தது. அதன் பிறகு எல்லை தாண்டி மியான்மரில் உள்ள மியாவடி என்ற பகுதிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே வேலை என்ன? கம்ப்யூட்டர் மூலம் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பணத்தை மோசடி செய்வது. மறுத்தவர்களுக்கு அடி உதை.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவுத் துறை எல்லோரையும் எச்சரித்தது. அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். அதோடு அது ஓயவில்லை. 2025-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் 549 இந்தியர்கள் தாய்லாந்து வழியாக விமானப் படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்களில் பலர் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனாலும் தங்கள் விசாவில் வேலை என்ற சொல்லே இல்லை என்பதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. படிப்பு இருந்தால் மட்டும் போதாது. கையில் உள்ளதைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கும் காடு மலை தாண்டி, விசாவே இல்லாமல் ஆட்களைக் கொண்டுபோகும் கூட்டம் வட மாநிலங்களில் உண்டு. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந்தேதி, 104 இந்தியர்களை அமெரிக்கா ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரசுக்குத் திருப்பி அனுப்பியது. கையிலும் காலிலும் விலங்கோடு வந்தார்கள். நிலத்தை விற்றுப் போனவர்கள் அவர்களில் உண்டு. வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

பழைய கதை

தமிழனுக்கு இது புதிய அனுபவம் அல்ல.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் கிராமம் கிராமமாக வந்தார்கள். கையில் முன்பணம் கொடுத்தார்கள். கப்பல் ஏறும்போதே தொழிலாளி கடனாளி ஆனார். தோட்டத்தில் "துண்டு" என்று ஒரு சீட்டு முறை இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்று அதில் எழுதுவார்கள். அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். தன்னைக் கட்டிப்போட்ட அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூடப் பலருக்குத் தெரியாது. 1921-ம் ஆண்டில்தான் அந்த முறை ஒழிந்தது.

பிறகு 1948-ம் ஆண்டில் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரிடம் அந்தத் தாள் இல்லை. சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவர்கள் ஆனார்கள். 1964-ம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் மூட்டை முடிச்சோடு கப்பலுக்குக் காத்து நின்றன. அங்கேயே இருந்துவிட்ட நாடற்றவர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் விடிவு காலம் பிறந்தது.

அன்று நடந்தது சட்டம் செய்த அநியாயம். தொழிலாளர் மீது குற்றம் இல்லை. ஆனால் ஒரு தாள் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

தமிழில் வரும் தாள்

நல்ல உதாரணமும் இருக்கிறது.

சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் வேலைக்குப் போகிறவருக்கு, புறப்படும் முன்பே ஓர் அனுமதிக் கடிதம் வர வேண்டும். ஐ.பி.ஏ. என்று அதைச் சொல்கிறார்கள். அதைத் தொழிலாளியின் தாய்மொழியில் அனுப்ப வேண்டும் என்பது சிங்கப்பூர் அரசாங்கத்தின் விதி. தமிழருக்குத் தமிழில் வர வேண்டும். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.

அந்தக் கடிதத்தை ஏஜெண்டு காட்டவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால்கூடப் போதும். தெரியாவிட்டால் பள்ளியில் படிக்கும் மகளையோ மகனையோ படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மகள் படித்துச் சொன்ன சம்பளமும் ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றாக இருந்தால் புறப்படலாம். வேறாக இருந்தால் நிற்க வேண்டும்.

கிண்டி பக்கத்தில்தான்

வெளிநாட்டு வேலை என்றாலே ஏஜெண்டு வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு அரசாங்கமே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-ம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. அது ஆதம்பாக்கத்துக்குப் பக்கத்தில், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. கடல் தாண்டி வேலை தேடுகிறவர்கள் பஸ் ஏறிக் கிண்டிக்கு ஒரு நடை போய் வரலாமே!

அந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் இப்படிப்பட்ட அரசாங்க நிறுவனங்கள் மூலமாகப் போவதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் அங்கே வீட்டு வேலைக்குப் போவதென்றால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். "வயதைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம், விசிட் விசாவில் போகலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெண்ணுக்குள்ள காவலை அவர் பறிக்கிறார் என்று அர்த்தம்.

தனியார் ஏஜெண்டுகளில் நாணயமானவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. லைசென்ஸ் உள்ளவர்களின் பெயர்கள் மத்திய அரசாங்கத்தின் இ-மைக்ரேட் இணைய தளத்தில் இருக்கின்றன. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய். அதன் மேல் வரி உண்டு. இதற்கு மேல் லட்சக் கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

குடும்பங்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. அரசாங்கத்துக்கும் கடமை இருக்கிறது.

ஏழைகள் ஏன் விசிட் விசாவில் போகிறார்கள்? நேர் வழி நீளமாகவும், குறுக்கு வழி கிட்டத்திலும் தெரிவதால்தான். நேர் வழியைச் சுருக்க வேண்டும். அனுமதி விரைவில் கிடைக்க வேண்டும். விண்ணப்பம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். ஏழை எந்த இடத்தில் நின்று, யாரைக் கேட்பது என்று திகைக்கக் கூடாது.

லைசென்ஸ் உள்ள ஏஜெண்டுகளின் பட்டியல் இணைய தளத்தில் இருப்பது நல்லது. ஆனால் வேலை தேடும் கொத்தனார் இணைய தளத்தில் போய்த் தேடுவாரா? அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ரேஷன் கடையிலும், தபால் ஆபீசிலும், வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். "வருகை விசாவில் வேலை செய்யக் கூடாது" என்று பெரிய எழுத்தில் விமான நிலையத்தில் எழுதி வைக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசாங்கம் 2022-ம் ஆண்டு முதல் ஜனவரி 12-ந்தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. வெளிநாட்டில் வென்றவர்களை அழைத்து மாலை போடுவது நல்ல காரியம். அதே நாளில் வெளிநாட்டில் ஏமாந்தவர்களையும் மேடை ஏற்றிப் பேசச் சொல்லலாம். அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஆயிரம் குடும்பங்கள் பிழைக்கும்.

ஏமாற்றும் ஏஜெண்டுகள் மீது வழக்குப் போட்டால் மட்டும் போதாது. வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும். இழந்த பணம் திரும்பி வர வேண்டும். அடகு வைத்த தாலிச் சங்கிலி ஏலத்துக்குப் போன பிறகு வரும் தீர்ப்பு, அந்தத் தாய்க்கு என்ன ஆறுதல் தரும்?

புறப்படும் முன்

வெளிநாடு போகும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு மாலை நேரம் ஒன்றாக உட்கார வேண்டும். விசாவையும் ஒப்பந்தத்தையும் நடுவில் வைத்து, கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. பாஸ்போர்ட் இன்னும் எத்தனை காலம் செல்லும்? ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை.

2. விசாவில் காரணம் என்ன எழுதியிருக்கிறது? போகிற காரியமும் அதுவும் ஒன்றுதானா?

3. தங்கும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது?

4. வேலைக்குப் போகிறவரானால், ஒப்பந்தத்தில் முதலாளி பெயரும் சம்பளமும் இருக்கின்றனவா?

5. ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா? கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதா?

6. காப்பீடு எடுத்தாயிற்றா?

7. எல்லாத் தாள்களுக்கும் நகல் எடுத்து வீட்டில் வைத்தாயிற்றா? அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் விலாசமும் போன் நம்பரும் வீட்டில் இருக்கின்றனவா?

இந்த ஏழுக்கும் பதில் கிடைத்தால் தைரியமாகப் புறப்படலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், அது கிடைக்கும் வரை பணத்தைக் கொடுக்கக் கூடாது. "நாளைக்கே கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

சென்னையில் விசா கணபதி என்றே ஒரு பிள்ளையாருக்குப் பெயர் இருக்கிறது. விசாப் பேட்டிக்குப் போகிறவர்கள் அங்கே தேங்காய் உடைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும். மனதுக்குத் தைரியம் வரும். ஆனால் விசா கிடைத்த பிறகு அதைப் படிப்பது பிள்ளையார் வேலை அல்ல. அது போகிறவரின் வேலை.

வெளிநாடு போவது தப்பு அல்ல. உழைக்கிறவன் எங்கே போனாலும் பிழைப்பான். கடல் கடந்து போன தமிழர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே வீடுகள் எழுந்திருக்கின்றன. தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. தம்பிகள் படித்திருக்கிறார்கள்.

அந்த உழைப்பு வீணாகக் கூடாது. அதற்கு முதல் காவல் எழுத்து. தாய் தகப்பன் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, பிறர் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கு அல்ல.